ஏக்கரில் சமம், அடியில் ஏற்றத்தாழ்வு: ஆழ்துளைக் கிணறும் நில உடைமையும்

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் கைப்பற்றின் (ஒருவர் சாகுபடி செய்யும் மொத்த நிலத்தின்) சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். ஏறத்தாழ 1 ஏக்கர் 85 சென்ட். தேசியச் சராசரியான 1.08 ஹெக்டேரை விடவும் குறைவு. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கைப்பற்றுகள் இரண்டு ஹெக்டேரைத் தொடவில்லை. இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு, ஜமீனும் மிராசும் போய் இங்கே எல்லோரும் சிறு விவசாயிகள் ஆகிவிட்டார்கள், நிலத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குள் போனால், ஒரே வரப்பின் இரு பக்கமும் தலா இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் இருவரில் ஒருவர் வாழை போட்டிருப்பார். மற்றவர் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பார். கணக்கெடுப்பில் இருவரும் ஒரே வரிசையில்தான் வருகிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, தரைக்கு மேலே இருக்கும் ஏக்கரை விட்டுவிட்டுத் தரைக்குக் கீழே போக வேண்டும்.

தோட்டம், காடு, வயல்

கொங்குப் பேச்சில் நிலம் மூன்று வகை. வாய்க்கால் பாய்வது வயல். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். மழையை நம்பியது காடு. மரங்கள் அடர்ந்த காடு அல்ல, மானாவாரி நிலம். அரசுப் பதிவேட்டில் தோட்டமும் காடும் பெரும்பாலும் புஞ்சை என்ற ஒரே பெயரில்தான் இருக்கும். சொந்தச் செலவில் கிணறு வெட்டி நிலத்தை மேம்படுத்திய விவசாயிக்குக் கூடுதல் தீர்வை (நிலவரி) விதிப்பதில்லை என்ற, விவசாயியிடமே அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிக் காலத்துக் கொள்கையின் மிச்சம் அது. அந்தக் காலத்தில் கிணறு வெட்ட ஊக்கம் தந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் பக்கவிளைவாக, தண்ணீர் உள்ள புஞ்சையும் இல்லாத புஞ்சையும் காகிதத்தில் ஒன்றாகவே நின்றுவிட்டன.

நில உச்சவரம்புச் சட்டமும் இதே காகிதத்தின் மேல்தான் எழுந்தது. 1961இல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வந்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது தீர்வை விகிதத்தை வைத்துப் போடும் கணக்கு. குறைந்த தீர்வை உள்ள புஞ்சையில் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது பல சாதா ஏக்கர்களுக்குச் சமம். எத்தனை ஏக்கர் என்று கேட்ட சட்டம், அதிலிருந்து எத்தனை லிட்டர் இறைக்கலாம் என்று கேட்கவே இல்லை.

பாறைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப்பாறைப் பகுதி. காவிரிப் படுகையின் வண்டலைப் போல அது பஞ்சாக நீரைப் பிடித்து வைக்காது. மேலே சிதைந்த பாறை அடுக்கு, அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகள், இந்த இரண்டில் மட்டுமே தண்ணீர் தங்கும். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறையும், இருப்பவையும் இறுகும். "ஆயிரம் அடிக்குக் கீழே கடல் மாதிரித் தண்ணி ஓடுது" என்பது ஆழ்துளை போடும் ரிக் வண்டியோடு சேர்ந்து ஊருக்குள் வந்த கதை.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

1. ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடினப்பாறைப் பகுதியில் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போய்ச் சேரும். அதாவது 70 மில்லிமீட்டர்.

2. ஒரு ஏக்கருக்கு அது சுமார் 2.8 லட்சம் லிட்டர். இதுதான் அந்த ஏக்கர் தன் சொந்த மழையில் சேர்த்த ஆண்டு இருப்பு.

3. ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். ஆக, கிணற்றை மட்டும் நம்பி ஒரு ஏக்கர் நெல் போட்டால், சுமார் 17 ஏக்கர் நிலத்தில் இறங்கிய தண்ணீரை இறைத்தாக வேண்டும். வயலில் விட்டதில் பாதி மறுபடி கீழே இறங்குகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் எட்டு ஏக்கருக்குக் குறையாது.

4. மக்காச்சோளம் போன்ற, 500 மில்லிமீட்டரில் முடிகிற பயிருக்கே ஏழு ஏக்கரின் இருப்பு தேவை.

மழையும் மண்ணும் மாறினால் எண்கள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. கடினப்பாறைப் பகுதியில் யாரும் தன் நிலத்துத் தண்ணீரை மட்டும் வைத்துப் பாசனம் செய்வதில்லை. தோட்டம் என்பது சுற்றியிருக்கும் காடுகளின் மழையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட நிலம். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் தோட்டக்காரர் ஆக முடியாது. யார் ஆவது என்பதில்தான் போட்டி.

சட்டம் யார் பக்கம்?

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் ஒரு எடுத்துக்காட்டு உண்டு: ஒவ்வொரு நில உரிமையாளரும் தன் எல்லைக்குள், நிலத்தின் கீழே உள்ள, குறித்த வழியில் ஓடாத நீரையெல்லாம் சேகரித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது அது. இதன் வேர் இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் இருக்கிறது. 1843இல் அங்கே நடந்த ஒரு வழக்கில், பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தால் தன் கிணறு வற்றிப்போனது என்று முறையிட்ட பஞ்சாலைக்காரர் தோற்றுப்போனார். அவரவர் நிலத்தில் அவரவர் தோண்டுவது குற்றமில்லை, பக்கத்துக் கிணறு வற்றினால் அது வந்த வினை என்றது நீதிமன்றம். நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாத காலத்துத் தீர்ப்பு அது.

இரண்டு விளைவுகள். நிலம் இல்லாதவருக்கு நிலத்தடி நீரில் உரிமை என்று எதுவும் இல்லை. நிலம் உள்ளவர்களுக்குள்ளும், காகிதத்தில் எல்லோருக்கும் சமமாக இருக்கும் உரிமை நடைமுறையில் யார் ஆழமாகத் தோண்டுகிறாரோ அவருக்குப் போகிறது.

இதை ஒழுங்குபடுத்த 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலேயே கிடந்து, 2013இல் திரும்பப் பெறப்பட்டது.

கவலையிலிருந்து ரிக் வண்டி வரை

கவலை என்பது மாடு பூட்டி, சால் எனப்படும் தோல் பையில் நீர் இறைக்கும் முறை. தெற்கே கமலை என்பார்கள். மாடு வடத்தை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும், சால் மேலே வரும், வாய்க்காலில் கொட்டும். எத்தனை பெரிய பண்ணையாக இருந்தாலும் மாடு இழுக்கும் அளவுக்குத்தான் தண்ணீர், கிணற்றின் ஆழத்துக்கும் அதுவே எல்லை. ஒரு நாளில் நனைக்க முடிந்த பரப்பு மிகச் சிறியது. அந்தக் காலத்தில் சமத்துவம் இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அதிகாலையில் கவலை ஓட்டியவர்களில் பலர் ஆண்டுக்கூலிக்குக் கட்டுண்ட பண்ணையாட்கள். சால் தைத்தும் பழுது பார்த்தும் தந்த அருந்ததியர் குடும்பங்களுக்குக் கிணறும் இல்லை, நிலமும் இல்லை. ஆனால் தண்ணீரின் அளவைப் பொறுத்தவரை, அந்தக் கருவியே ஒரு ரேஷன் போல வேலை செய்தது.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா புனல்மின்சாரம் கோவைக்கு வந்தது. அதே பத்தாண்டிலேயே ஊரில் மின் மோட்டாரும் தயாராகத் தொடங்கியது. பஞ்சாலைக்காக வந்த மின்சாரம் தோட்டத்துக்கும் போனது. மோட்டார் வந்த கிணற்றுக்கு மாடும் வேண்டாம், சாலும் வேண்டாம். தானியக் கூலிக்குச் சால் தைத்துக் கொடுத்த குடும்பங்களுக்குத் தோட்டக்காரரோடு இருந்த ஆண்டு ஒப்பந்தம் மெல்ல மெல்ல அறுந்தது. புதிய கருவி முதலில் யாரைத் தொட்டது என்று கேட்டால், பதில் இதுதான்: நிலமே இல்லாதவரை.

அடுத்த கட்டத்தில் ஒரு நல்ல காலமும் இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. மோட்டாருக்கும் கிணற்றுக்கும் கடன் கிடைத்தபோது, சில ஏக்கர் மட்டுமே வைத்திருந்த பலர் காட்டைத் தோட்டமாக்கினார்கள். கரும்பும் மஞ்சளும் பருத்தியும் அவர்கள் வீட்டுக்குப் பணம் கொண்டுவந்தன. தொழில்நுட்பம் என்றாலே ஏற்றத்தாழ்வு என்று கோடு போட்டுவிட முடியாது. நீர்மட்டம் மேலே இருந்தவரை மோட்டார் இடைவெளியைக் குறைத்தது. மட்டம் இறங்கத் தொடங்கியதும் அதே மோட்டார் ஆட்களை வடிகட்டத் தொடங்கியது.

வடிகட்டல் படிப்படியாக நடந்தது. திறந்த கிணற்றை இன்னும் பத்தடி வெட்டி ஆழப்படுத்துவது முதல் படி. கிணற்றின் பக்கவாட்டில் பாறைக்குள் துளையிட்டு சைடு போர் போடுவது அடுத்தது. பிறகு கிணற்றுக்குள்ளேயே செங்குத்தாக ஒரு போர். அதன்பின் கிணற்றையே கைவிட்டு, நிலத்தில் நேராக ஆழ்துளை, அதற்குள் நீர்மூழ்கி மோட்டார். 1960களின் இறுதியில், வறட்சிப் பகுதிகளில் குடிநீருக்காக யுனிசெஃப் கொண்டுவந்த காற்றழுத்தத் துளைப்புக் கருவிகளின் வழிவந்த தொழில்நுட்பம், பின்னாளில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளாகி நாடு முழுவதும் ஓடியது. வாரக்கணக்கில் ஆள் வைத்து வெட்டிய ஆழத்தை அது ஒரே இரவில் தாண்டியது.

போருக்குக் கூலி அடிக்கணக்கில். முந்நூறு அடியைத் தாண்டினால் அடி விலையும் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் வந்தாலும் கூலி உண்டு, வெறும் புகை பறந்தாலும் கூலி உண்டு. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கும் ஒரு தொகை. இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கு இரண்டு போர் பொய்த்தால் அது ஒரு வருட நஷ்டம். இரண்டு ஏக்கர்காரருக்கு ஒரு போர் பொய்த்தாலே அடமானம். பக்கத்துத் தோட்டத்தில் 800 அடி போட்டதும் 400 அடிப் போர் வற்றும், அதன் சொந்தக்காரர் 1,000 அடி போட வேண்டும். இதைத்தான் ஆய்வாளர்கள் போட்டி ஆழப்படுத்தல் என்கிறார்கள். இதில் வென்றவருக்கும் கூடுதல் தண்ணீர் இல்லை. பழைய தண்ணீரையே அதிகச் செலவில் எடுக்கிறார்.

இலவச மின்சாரம்: யாருக்கு இலவசம்?

1970இல் பாசன மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1972இல் கட்டை வண்டிகள் கோவை நகரத்தையே முடக்கின. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1989-91 ஆட்சிக் காலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது.

ஒரு யூனிட் மின்சாரம், மோட்டாரின் திறன் 40 சதவீதம் என்று கொண்டால், 100 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 1,470 லிட்டர் நீரை மேலே கொண்டுவரும். 300 மீட்டரிலிருந்து வெறும் 490 லிட்டர். ஆழம் மூன்று மடங்கானால் மின்செலவும் மூன்று மடங்கு. மின்கட்டணம் இருந்திருந்தால், ஏதோ ஒரு ஆழத்தில் "இனிக் கட்டுப்படியாகாது" என்று விவசாயி நின்றிருப்பார். இலவசத்தில் அந்தத் தடை இல்லை.

இதை வைத்து, மீட்டர் பொருத்திக் கட்டணம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. ஆனால் கட்டணம் வந்தால் முதலில் மோட்டாரை நிறுத்துபவர் இரண்டு ஏக்கர்காரர்தான். நிறுத்தும்போது அவர் விட்டுக்கொடுத்த தண்ணீரைக் கட்டணம் கட்ட முடிந்த பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்வார். தண்ணீர் யாருடையது என்பதைத் தீர்க்காமல் விலை மட்டும் வைத்தால், இப்போதைய பங்கீடு இன்னும் கூர்மையாகும்.

இலவசத்துக்குள் நுழையவும் ஒரு வாசல் இருக்கிறது. ஈ.பி. சர்வீஸ் வேண்டுமானால் நிலமும் கிணறும் தன் பேரில் இருப்பதற்கு ஆவணம் வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும், பிறகு வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நீளும் வரிசை அது. காத்திருக்க மனமில்லாதவருக்குத் தட்கல் வழி திறக்கப்பட்டது: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம் ரூபாய், 15 குதிரைத்திறனுக்கு 4 லட்சம். இலவச மின்சாரத்தைப் பெற லட்சங்களில் முன்பணம் என்பது முரணாகத் தெரியலாம். உண்மையில் அது இலவச மானியத்தை ஏலம் விடுவதற்கு மிக அருகில் வருகிறது. குத்தகைக்கு உழுபவருக்கும், கூட்டுப் பட்டாவில் சிக்கியவருக்கும், கணவர் பேரில் மட்டுமே பட்டா உள்ள பெண்ணுக்கும் இந்த வரிசையில் இடமே கிடைப்பதில்லை. மகள்களுக்கு 1989இலேயே தமிழ்நாட்டில் சொத்துரிமை வந்துவிட்டது. ஆனால் பாகப்பிரிவினையின்போது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிற்கவில்லை.

நிலம் கைமாறும் விதம்

1. பாகம். அப்பாவின் ஒரே கிணறு இரண்டு மகன்களுக்கு வரும்போது நிலத்தை அளந்து பிரித்துவிடலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. பத்திரத்தில் "கிணற்றில் பாதி பாகமும், 5 எச்.பி. மோட்டாரில் பாதி பாகமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்" என்று எழுதுவார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்து இறைப்பார்கள். தண்ணீர் குறைந்ததும் முறையில் சண்டை வரும். வசதி உள்ளவர் தன் பாகத்தில் தனியாகப் போர் போடுவார். பொதுக் கிணறு வற்றும். மற்றவரின் பாதி பாகம் பத்திரத்தில் மட்டும் மிஞ்சும்.

2. கடன். பொய்த்த போருக்கு வாங்கிய கடனுக்கு, எந்தக் காட்டைத் தோட்டமாக்க நினைத்தாரோ அதே காட்டின் ஒரு பகுதியை விற்க நேரும். வாங்குபவர் பெரும்பாலும் ஏற்கெனவே தண்ணீர் உள்ள பக்கத்துத் தோட்டக்காரர். அவருக்கு அந்த நிலம் வெறும் காடு அல்ல. தன் குழாயை நீட்டினால் நாளையே தோட்டம். ஆகவே விற்பவருக்குக் காட்டு விலை, வாங்கியவருக்குத் தோட்டச் சொத்து.

3. விற்காமலே இழப்பது. நிலம் பட்டாவில் அப்படியே இருக்கும். கிணறு வற்றியவர் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்தில் மணிக்கணக்கில் வாங்குவார். சில ஊர்களில் விளைச்சலில் பங்கு தந்து வாங்குவார், சில இடங்களில் தண்ணீர் கொடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்து கழிப்பார். கணக்கெடுப்பில் இவர் நில உடைமையாளர். நடைமுறையில் தன் சொந்த நிலத்திலேயே குத்தகைதாரர்.

4. தண்ணீரே பயிராவது. 1990களில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளுக்குச் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. சென்னையைச் சுற்றிய கிராமங்களிலும் இதுவே நடந்தது. உழவை விட இது லாபம், ஆள் தேவையில்லை, பூச்சி இல்லை. பெரிய போர் வைத்திருந்தவர் நிலத்தைத் தரிசாகப் போட்டே சம்பாதித்தார். பக்கத்துச் சிறு கிணறுகள் வற்றின. களை எடுக்கவும் அறுக்கவும் போனவர்களுக்கு வேலை போனது.

கடைசியில் சொன்ன கூலியாட்களைப் பற்றிய பேச்சு பாசன விவாதங்களில் அபூர்வமாகவே வருகிறது. தண்ணீரும் ஆளும் குறைந்த பல தோட்டங்கள் தென்னைக்கு மாறின. தென்னைக்கு நடவு இல்லை, அறுவடை நாட்கள் குறைவு. பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கு. நிலமற்ற கூலியாட்களில் அவர்கள் பங்கு அதைவிட மிக அதிகம். ஆக, தண்ணீர்ப் பற்றாக்குறையின் பாரத்தைக் கிணறே இல்லாதவர் வேலை நாட்களாகக் கட்டுகிறார்.

சொட்டு நீரும் சூரிய பம்பும்

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். வேறு மாநிலங்களோடு ஒப்பிட்டால் தாராளம்தான். ஆனால் சொட்டுநீர்க் குழாய்க்கு முதலில் ஒரு நீர் ஆதாரம் வேண்டும். போர் இல்லாதவருக்கு 100 சதவீத மானியத்தால் பயனில்லை. இருப்பவர் மிச்சப்பட்ட நீரைக் கிணற்றிலேயே விடுவதும் இல்லை. இரண்டு ஏக்கர் நனைந்த தண்ணீரில் மூன்றரை ஏக்கர் நனைப்பார். அவரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர் விட்டால் பக்கத்துக்காரர் எடுப்பார். சூரிய பம்புக்கும் இதே கதைதான், வெயில் இருக்கும்வரை இறைக்கக் காசு இல்லை.

மழை நன்றாகப் பெய்தால் நிலைமை தேறும் என்பதும் உண்மை. மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் (வருவாய்த் துறையின் குறுவட்டங்களில்), சேரும் நீரைவிட அதிகம் இறைக்கும் மிகை நுகர்வு என்று வகைப்படுத்தப்பட்டவை 2017 மதிப்பீட்டில் 462. 2022இல் அவை 360 ஆகக் குறைந்தன. நல்ல மழை ஆண்டுகள் நீர்மட்டத்தை உயர்த்தும். இடைப்பட்ட வறட்சியில் விற்ற நிலம் திரும்பி வராது.

தண்ணீரை நிலத்திலிருந்து பிரித்தால்

இந்தியாவில் இதை நேரடியாகச் செய்து பார்த்த முயற்சிகளில் முக்கியமானது மகாராஷ்டிரத்தின் பானி பஞ்சாயத்து. 1972 வறட்சிக்குப் பிறகு புனே மாவட்டத்தின் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கியது. அதன் விதிகள் சில:

1. தண்ணீர்ப் பங்கு நிலத்தின் அளவுக்கு அல்ல, தலைக்கு. ஒருவருக்கு அரை ஏக்கர் நனையும் அளவு, குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர்.

2. நிலம் இல்லாதவருக்கும் பங்கு உண்டு.

3. கரும்பு போடக் கூடாது.

4. நிலத்தை விற்றாலும் தண்ணீர்ப் பங்கு அதோடு சேர்ந்து போகாது.

நான்காவது விதிதான் உயிர். நிலத்தை வாங்கித் தண்ணீரைச் சேர்க்கும் வழியை அது அடைக்கிறது. ஹரியானாவின் சுகோமாஜ்ரியிலும் 1970களின் இறுதியில் கட்டிய சிறு அணையின் நீரில் நிலமற்ற வீடுகள் உட்பட ஒவ்வொரு வீட்டுக்கும் சம பங்கு தந்தார்கள்.

ஆனால் இரண்டு இடங்களிலும் புதிதாகச் சேர்த்த தண்ணீரைத்தான் பங்கு வைத்தார்கள். யார் கையிலும் ஏற்கெனவே இல்லாத தண்ணீர் அது. கொங்கு நாட்டில் தண்ணீர் ஆயிரம் அடி ஆழத்தில், தனித்தனிக் கேசிங் பைப்புக்குள், தனித்தனி ஈ.பி. சர்வீஸ் எண்ணோடு கிடக்கிறது. கடன் வாங்கி அந்த ஆழத்துக்குப் போனவரிடம் தலைக்கு இவ்வளவு என்று சொன்னால், முதலில் என் கடனை யார் கட்டுவது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்த மசோதாவிலும் இதுவரை பத்தி எழுதப்படவில்லை.